வீட்டுக் கணக்குக்கு எந்த ஆப்? பெங்களூரில் ஒன்றரை வருடம் மாற்றி மாற்றிப் பார்த்ததில்

அக்கா மகன் பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பி.ஜி. விடுதியில் பெட்டியை இறக்கிவைத்து மூன்று நாள்கூட ஆகவில்லை, போனில் கேட்கிறான்: "சித்தி, செலவுக் கணக்கு போட நல்ல ஆப் ஒண்ணு சொல்லுங்களேன்." முதல் சம்பளமே இன்னும் வரவில்லை, அதற்குள் கணக்கு. நல்ல பிள்ளைதான். ஆனால் ஒரே பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைக்க முடியவில்லை. கே.ஆர்.புரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இந்த ஒன்றரை வருடத்தில் நாலைந்து ஆப், ஒரு கூகுள் ஷீட், நடுவில் அத்தையின் கோடு போட்ட நோட்டு என்று ஒரு சுற்றே வந்துவிட்டோம். எனக்கு ஒத்துவந்தது வீட்டுக்காரருக்கு ஒத்துவரவில்லை, அவர் தலையில் வைத்துக் கொண்டாடிய ஒன்றை நான் இரண்டாவது வாரமே அழித்தேன். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம். செலவானதை எழுதுவது ஒரு வேலை, செலவாகப்போவதற்கு முன்னாலேயே பணத்தைப் பங்கு போட்டு வைப்பது இன்னொரு வேலை. "போன மாதம் வெளிச்சாப்பாட்டுக்கு 6,400 போயிருக்கிறது" என்று வட்டப்படம் போட்டுக் காட்டுவது முதல் வகை. "இந்த மாதம் வெளிச்சாப்பாட்டுக்கு இன்னும் 900தான் மிச்சம், இன்றைக்கு 18ஆம் தேதி" என்று ஆர்டர் போடுவதற்கு முன்னால் சொல்வது இரண்டாவது. பட்ஜெட் ஆப் என்று பெயர் வைத்துக்கொண்டு வருவதில் பாதிக்கு மேல் முதல் வேலையைத்தான் செய்கின்றன. உங்களுக்கு எது வேண்டும் என்று தெரியாமல் இறக்கினால் மூன்று மாதம் அழகழகான படங்களைப் பார்த்துவிட்டு, பணம் மட்டும் பழையபடியே 20ஆம் தேதிக்குத் தீர்ந்துகொண்டிருக்கும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

இந்தியாவில் அதிகம் பழக்கமானது எஸ்எம்எஸ் படிக்கும் வகை. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் படித்து, எவ்வளவு, எங்கே என்று தானே பிரித்து எழுதிக்கொள்ளும். நம் கை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வால்நட் என்ற ஆப் இதில் பெயர் வாங்கியது. அதை 2018இல் கேபிட்டல் ஃப்ளோட் என்ற பெங்களூர்க் கடன் நிறுவனம் வாங்கியது, பிறகு அது ஆக்ஸியோ என்று பெயர் மாறியது, கடைசியில் அமேசான் வாங்கிக்கொண்டது. இதே ஊரின் மணிவியூவும் செலவுக் கணக்கில் தொடங்கிக் கடன் கொடுப்பதில் போய் நின்றது. இதில் சதி எதுவும் இல்லை, கணக்குப் பார்க்க யாரும் காசு கொடுப்பதில்லை, கடன் கொடுத்தால் வட்டி வரும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் சம்பளம் எந்தத் தேதி வருகிறது, எந்தத் தேதி தீர்கிறது என்று தெரிந்த ஆப், தீர்ந்த அன்றைக்கே கடன் வேண்டுமா என்று கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கடன் ஆப்கள் போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது. அப்படியும் ஏதாவது ஒரு ஆப் தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கேட்டால் அங்கேயே மூடிவிடலாம்.

இன்னொன்று, ஐபோனில் இந்த வகை நடக்கவே நடக்காது, அங்கே வேறு ஆப் குறுஞ்செய்தியைப் படிக்க ஆப்பிள் விடுவதில்லை. ஆண்ட்ராய்டிலும் 2019இலிருந்து கூகுள் இந்த அனுமதியை இறுக்கிவிட்டது, பணக் கணக்கு ஆப்களுக்கு விலக்கு உண்டு.

ஆனால் எனக்கு உண்மையான தொல்லை வேறு இடத்தில் வந்தது. நான் இரண்டு மாதம் வைத்திருந்த ஒரு எஸ்எம்எஸ் ஆப் (பெயர் வேண்டாம்) கிரெடிட் கார்டில் மளிகை வாங்கியபோது ஒரு தடவையும், அந்த கார்டு பில்லைக் கட்டியபோது இன்னொரு தடவையும் எழுதிவிட்டது. நாங்கள் ஏதோ மாதம் 18,000 ரூபாய்க்கு அரிசி பருப்பு வாங்கித் தின்கிற கூட்டுக் குடும்பம் மாதிரிக் காட்டியது. வீட்டுக்காரருடைய கணக்கிலிருந்து என் கணக்குக்குப் போட்ட வாடகைப் பங்கை வருமானம் என்று வேறு சேர்த்துக்கொண்டது. இதையெல்லாம் கையால் திருத்த உட்கார்ந்தால், தானாக எழுதுகிறது என்ற ஒரே லாபமும் போய்விடுகிறது.

அப்புறம் சில்லறை. 2024 ஜூனில் ஒரு பெரிய தனியார் வங்கி, 100 ரூபாய்க்குக் குறைந்த யுபிஐ செலவுகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதை நிறுத்தியது. எஸ்எம்எஸ் வராவிட்டால் ஆப்புக்கு அந்தச் செலவே நடக்கவில்லை. யுபிஐ லைட் வைத்திருந்தால் இன்னும் மோசம்: 5,000 வரை ஏற்றி வைத்து, ஒரு தடவைக்கு 1,000 வரை பின் நம்பர் போடாமல் கொடுக்கலாம், வசதிதான், ஆனால் பாஸ்புக்கில் ஏற்றிய தொகை ஒற்றை வரியாக நிற்கும், அது டீயாகவும் பூவாகவும் ஆட்டோவாகவும் உடைந்துபோனது எங்கேயும் வராது. இதோடு ரொக்கம் வேறு. 2025 ஜூலையில் யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது ஞாபகம் இருக்கும், ஒரே வாரத்தில் இந்த ஊரில் எத்தனை பேக்கரியில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'நோ யுபிஐ' என்று ஒட்டினார்கள். எங்கள் தெருக்காய்கறிக்காரர் அதிலிருந்து ரொக்கத்துக்கே போய்விட்டார். ஆக எங்கள் வீட்டில் பணம் ஒழுகுகிற ஓட்டைகள் எல்லாம் 100 ரூபாய்க்குள்ளே இருக்க, எஸ்எம்எஸ் ஆப் பெரிய குழாயை மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்தது.

இதைவிடச் சுத்தமான வழி அக்கவுண்ட் அக்ரிகேட்டர். ரிசர்வ் வங்கி 2016இலேயே இதற்கு விதிமுறை வகுத்தது, 2021 செப்டம்பரில் வங்கிகள் சேர்ந்து நடைமுறைக்கு வந்தது. ஃபின்வு, ஒன்மணி மாதிரி உரிமம் பெற்ற இடைநிலை நிறுவனம் ஒன்று, நீங்கள் ஓடிபி போட்டுச் சம்மதம் கொடுத்தால், வங்கியிலிருந்து விவரத்தைப் பூட்டிய பெட்டியாக வாங்கி ஆப்பிடம் கொடுக்கும், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அதற்கே தெரியாது. எதற்காக, எவ்வளவு நாளைக்கு என்று சம்மதத்திலேயே இருக்கும், வேண்டாம் என்றால் திரும்பப் பெறலாம். க்ரெட், இண்ட்மணி போன்ற ஆப்கள் இந்த வழியில்தான் எல்லா வங்கிக் கணக்கையும் ஒரே திரையில் காட்டுகின்றன. நாலு வங்கியில் கணக்கு, கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட், எங்கே எவ்வளவு கிடக்கிறது என்றே தெரியவில்லை என்பவர்களுக்கு இது நல்லது. ஆனால் ரிசர்வ் வங்கி போட்ட பட்டியலில் சேமிப்புக் கணக்கு, வைப்பு, ஃபண்ட், பங்கு, காப்பீடு எல்லாம் உண்டு, கிரெடிட் கார்டு செலவு இல்லை. ரொக்கமும் வராது. மொத்தச் சொத்து எவ்வளவு என்று பார்க்க இது போதும், இந்த வாரம் காய்கறிக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்கப் போதாது.

சரி, கையால் எழுதும் வகைக்கு வருவோம். இளைஞர்கள் இதைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள், நானும் சுளித்தேன். கொரியாவின் ரியல்பைட் போட்ட மணி மேனேஜர் இதில் என் கைக்கு நன்றாகப் பழகியது. ஒவ்வொரு வங்கியும், ஒவ்வொரு கார்டும், பர்ஸும் தனித்தனிக் கணக்காக இருக்கும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவதை 'மாற்றம்' என்று எழுதலாம், அதனால் கார்டு பில் இரண்டு தடவை செலவாகாது. மாதம் 1ஆம் தேதிதான் தொடங்க வேண்டும் என்றில்லை, சம்பளம் வரும் தேதியிலிருந்து தொடங்கும்படி மாற்றிவைக்கலாம், ஐ.டி.க்காரர்களுக்குக் கடைசி வேலைநாளில் சம்பளம் விழுவதால் இந்த ஒரு வசதியே பெரிய விஷயம். எக்செல் கோப்பாக எடுத்தும் வைக்கலாம். ஒரு பதிவு போட ஐந்தாறு நொடி ஆகிறது, அந்த ஐந்தாறு நொடியில் 'மறுபடியும் ஆட்டோவா' என்று மனது ஒரு தடவை கேட்டுக்கொள்கிறது. எஸ்எம்எஸ் ஆப் இந்தக் கேள்வியை என்னிடமிருந்து எடுத்துவிட்டிருந்தது என்பது அதை விட்ட பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது உறை முறை. அத்தை திருநெல்வேலியில் இருந்தவரைக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பால்காசு, கடுகு டப்பாவுக்கு அடியில் பேப்பர்காசு, சாமி அலமாரியில் மஞ்சள்துணியில் முடிந்து வைத்தது திருச்செந்தூருக்கு என்று வைத்துத்தான் குடும்பம் நடத்தினார். பால்காசு தீர்ந்தால் பேப்பர்காசிலிருந்து எடுக்கலாம், ஆனால் எடுத்தது கண்ணுக்குத் தெரியும். குட்பட்ஜெட் என்ற ஆப் இதையே போனில் செய்கிறது, பாட்டிலுக்குப் பதில் உறை. கணவன் மனைவி இருவர் போனிலும் ஒரே உறைகள் தெரியும், அவர் ஹோசூர் ரோட்டில் பெட்ரோல் போட்டு எழுதினால் இங்கே என் திரையில் பெட்ரோல் உறை குறையும். மாதாமாதம் வராத செலவுக்கு வருட உறை தனியாக உண்டு. இலவசப் பதிப்பில் உறைகளுக்கு ஒரு வரம்பு இருக்கிறது, ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அது போதும். திரை பழைய காலத்து ஆபீஸ் மென்பொருள் மாதிரி இருக்கும், அழகு பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது.

இதே சித்தாந்தத்தின் பெரிய அண்ணன் ஒய்நேப். 2004இல் ஒரு அமெரிக்கத் தம்பதி தங்கள் வீட்டுக்குப் போட்டுக்கொண்ட ஷீட்டாகத் தொடங்கியது. கையில் இருக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வேலை கொடு, இல்லாத பணத்தைப் பங்கு போடாதே, இவ்வளவுதான் அதன் வேதம். எனக்கு அதில் மிகப் பிடித்தது கிரெடிட் கார்டைக் கையாளும் விதம். கார்டில் 2,000 ரூபாய்க்குத் துணி எடுத்தால், துணி உறையிலிருந்து 2,000 எழுந்து கார்டு பில் உறைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பில் வரும்போது பணம் ஏற்கெனவே ஒதுங்கி நிற்கும். பில் வந்த பிறகு நெஞ்சில் கை வைக்கும் வழக்கம் இந்த ஒன்றினாலேயே நின்றது. ஆனால் வருடத்துக்கு 109 டாலர், நம் கணக்கில் 9,000 ரூபாய்க்கு மேல். அமெரிக்க வங்கிகளோடு தானாக இணையும், நம் வங்கிகளோடு இணையாது, நாமேதான் எழுத வேண்டும் அல்லது கோப்பை ஏற்ற வேண்டும். அவர்கள் விலையில் பெரிய பங்கு நமக்குப் பயன்படாத வசதிக்குப் போகிறது. 34 நாள் இலவசமாகப் பார்க்கலாம், அந்த 34 நாளில் முறையைக் கற்றுக்கொண்டு கிளம்பிவிடலாம் என்பது என் யோசனை. நாங்கள் அதைத்தான் செய்தோம்.

கிளம்பி வீட்டுக்காரர் போன இடம் ஆக்சுவல் பட்ஜெட். 2022இல் திறமூலமாக்கப்பட்டது, அதாவது நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், காசில்லை, அதே உறை முறை, தரவு நம் கணினியிலேயே இருக்கும். ஆனால் இரண்டு போனிலும் ஒரே கணக்கு வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு சர்வர் ஓட்ட வேண்டும். அவருக்கு அது சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. ஒருநாள் அந்தச் சின்னப் பெட்டி நின்றுவிட, நான் காய்கறிக்கடையில் நின்றுகொண்டு போன் போட்டு, "ஏங்க, உங்க சர்வரு படுத்துருச்சு, வெங்காயம் வாங்கலாமா வேண்டாமா" என்று கேட்டேன். அன்றோடு எனக்கும் அதற்கும் உறவு முடிந்தது. மென்பொருள் வேலை பார்க்கிற, தனியாக இருக்கிற ஆளுக்கு இது தங்கம்.

ஸ்ப்ளிட்வைஸைப் பட்ஜெட் ஆப் என்று சிலர் சொல்கிறார்கள். அது கொடுக்கல் வாங்கல் ஆப், பி.ஜி.யிலும் நண்பர்களோடு எடுத்த வீட்டிலும் யார் யாருக்கு எவ்வளவு என்று தீர்க்க மட்டும். இலவசத்தில் ஒரு நாளைக்கு இத்தனை பதிவுதான் என்று இப்போது கட்டுப்பாடு இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த பீம் என்ற யுபிஐ ஆப்பின் புதிய பதிப்பிலும் செலவைப் பிரிப்பது, குடும்பத்தாரைச் சேர்த்துக்கொள்வது, மாதச் செலவைப் பார்ப்பது எல்லாம் வந்துவிட்டன, தமிழிலும் இருக்கிறது. ஒரே யுபிஐ ஆப்பில் எல்லாவற்றையும் கொடுப்பவராக இருந்தால் அதுவே ஓரளவு போதும், வேறு ஆப்பில் கொடுத்தது அதற்குத் தெரியாது.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஊர்க்காரருக்கும் பொருந்தும். நம் வீட்டுக் கணக்கு சிக்குவது மொய்யிலும் சீட்டிலும். இந்த இரண்டுக்கும் நான் பார்த்த எந்த ஆப்பிலும் தயாராகப் பிரிவு கிடையாது. மொய் 'பரிசு' என்ற பிரிவில் போய் உட்கார்கிறது, ஆனால் நமக்குத் தெரியும் அது பரிசு மட்டும் இல்லை, பாதிக்குக் கடன், ஊரில் நோட்டு இருக்கிறது, நம் வீட்டுக் காதுகுத்துக்குத் திரும்பி வரும். பத்திரிகை வருகிற மாதங்களும் கணக்குதான்: தை, வைகாசி, ஆவணி என்றால் வாரத்துக்கு ஒரு பத்திரிகை, ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் இல்லை. மிச்சத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளாமல் ஒவ்வொரு மாதமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் ஆப்பில் ஆவணியில் சிவப்பு, ஆடியில் பச்சை என்று வெறும் வேடிக்கை காட்டும். மாதம் 1,500 ஒதுக்கி, ஆடியில் சேர்ந்ததை ஆவணியில் எடுக்க முடிகிற ஆப்தான் நமக்கு வேண்டும். ஆப்பை இறக்கிய உடனே நான் முதலில் தேடுவது இந்த ஒரு வசதியைத்தான்.

சீட்டு இன்னும் கஷ்டம். 20 பேர், ஆளுக்கு 5,000, 20 மாதம், ஒரு லட்சம் சீட்டு என்று வையுங்கள். இந்த மாதம் ஒருவர் 20,000 தள்ளி 80,000க்கு எடுக்கிறார், நடத்துகிறவருக்கு 5,000 போக மீதி 15,000 இருபது பேருக்கும் பிரிந்தால் ஆளுக்கு 750. அந்த மாதம் நீங்கள் கட்டுவது 4,250. அடுத்த மாதம் தள்ளு குறைந்தால் கட்டுவது கூடும். 'மாதாமாதம் 5,000' என்று தானியங்கிப் பதிவு போட்டால் கணக்கு ஒருநாளும் ஒட்டாது. நான் செய்வது, சீட்டையே ஒரு வங்கிக் கணக்கு மாதிரித் திறந்து, கட்டுவதை அதற்கு மாற்றமாக எழுதுவது. எட்டாவது மாதம் சீட்டை எடுத்தால் அந்தக் கணக்கு கழித்தலில் போகும், அதற்குப் பிறகு கட்டுவதெல்லாம் அந்தக் கடனை அடைப்பது, கடைசியில் பூஜ்யத்துக்கு மேல் நிற்கும் தொகைதான் சீட்டின் உண்மையான செலவு. வீட்டு அட்வான்ஸும் இப்படியே. பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்த காலமும் உண்டு, இப்போது குறைந்திருக்கிறது என்றாலும் பெரிய தொகைதான், அதைச் செலவில் எழுதினால் அந்த மாதமே கோணலாகிவிடும். தனிக் கணக்காக வையுங்கள், காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாதத்தைப் பிடிப்பார்கள், அதை மட்டும் அன்றைக்குச் செலவில் எழுதலாம்.

இலவச ஆப் என்றால் இன்னொரு ஜாக்கிரதை. அமெரிக்காவில் கோடிக்கணக்கில் ஆள் சேர்த்த மிண்ட் ஆப்பை 2009இல் இன்ட்யூட் என்ற நிறுவனம் 17 கோடி டாலருக்கு வாங்கியது, 2024 மார்ச்சில் மூடிவிட்டது. நமக்கு அது வரவே இல்லை, நஷ்டமில்லை. ஆனால் எந்த ஆப்பானாலும் தரவைக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள், முடியாதென்றால் தொடங்கவே வேண்டாம்.

அக்கா மகனுக்குக் கடைசியில் சொன்னது மணி மேனேஜரும் ஸ்ப்ளிட்வைஸும். அவனுக்கு இப்போது பங்கு போட ஒன்றுமில்லை, எங்கே போகிறது என்று ஆறு மாதம் பார்த்தாலே போதும், பி.ஜி. வாடகை போக மிச்சமெல்லாம் பிரியாணிதான். ஸ்ரீராமபுரத்தில் டாக்ஸி ஓட்டும் என் கொழுந்தனாருக்குக் குட்பட்ஜெட் போட்டுக் கொடுத்தேன், ஏனென்றால் அவருக்கு வருமானம் நாளுக்கு நாள் மாறும், 'இந்த மாதம் இவ்வளவு வரும்' என்று எதிர்பார்த்துப் போடும் பட்ஜெட் அவரிடம் பத்து நாள்கூட நிற்காது. இரவு வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு வந்ததை மட்டும் வண்டித் தவணை, வாடகை, டீசல், ஸ்கூல் ஃபீஸ் என்று உறையில் போடுகிறார்.

எங்கள் வீட்டிலும் இப்போது குட்பட்ஜெட்தான். மெட்ரோக் கட்டணம் 2025 பிப்ரவரியில் ஏறி, அதிகபட்சம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனபோது போக்குவரத்து உறையைக் கூட்டிவிட்டு வெளிச்சாப்பாட்டு உறையைக் குறைத்தோம், சண்டை பத்து நிமிடத்தில் முடிந்தது, முன்பெல்லாம் இரண்டு நாள் ஓடும். அத்தை மட்டும் ஆப் பக்கமே வரவில்லை, கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை காபி குடித்த கையோடு நோட்டையும் போனையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்போம். போன வாரம் 140 ரூபாய் இடித்தது. தேங்காய் இரண்டு, கொஞ்சம் பூ, இஸ்திரிக்காரருக்கு மிச்சம். மூன்றும் நோட்டில் இருந்தன.